வெண்ணெய் ஊரிலிருந்து வெண்ணெய் ஊருக்கு

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி போன வாரத்துக்கு இந்த வாரம் பரவாயில்லை.

போனில் பேசும்போது நீ ஒன்று சொன்னாய். "ரெண்டு மாசம் வந்திருந்தும் லண்டன், பாரிஸ் எதுவும் காட்ட முடியலப்பா, இந்தச் சின்ன ஊர்லயே கிடந்துட்டீங்க" என்று. எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். நீ ஆபீஸ் போனபின் நான் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். குடையை எடுத்துக்கொண்டு உங்கள் அயர்லாந்துக் கார்க் நகரம் முழுக்க நடந்தேன் சாமி. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிற ஊரில் வேறு என்ன செய்வது?

கார்க் என்றதும் உன் அம்மா இன்றைக்கும் பாட்டில் தக்கையைத்தான் நினைக்கிறாள். பெயருக்கும் தக்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஐரிஷ் மொழியில் அதற்குச் சதுப்பு நிலம் என்று அர்த்தம். லீ ஆறு பிரிந்து பிரிந்து ஓட, நடுவில் கிடந்த சேற்றுத் தீவுகள்தான் ஊர். முதலில் ஃபின்பார் என்ற துறவியின் மடம், பிறகு கொள்ளையடிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட வைக்கிங்குகள், அப்புறம் ஆங்கிலேயர். நீ சட்டை வாங்கிக் கொடுத்த பேட்ரிக் வீதி ஏன் வளைந்து வளைந்து போகிறது என்று என்றைக்காவது யோசித்தாயா? அது ஆற்றின் ஒரு கிளை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை மூடி மேலே வீதி போட்டார்கள். சவுத் மால் வீதியில் பழைய கட்டடங்களுக்கு வாசற்படி உயரத்தில் இருக்கிறது, கீழே இன்னொரு கதவு. கீழ்க்கதவு படகுக்கு. நாம் வாசலில் பைக்கை நிறுத்துகிற மாதிரி படகை விட்டிருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை. 2009 நவம்பரில் ஊருக்குள் புகுந்துவிட்டது. ஏரியை மூடி பஸ் ஸ்டாண்ட் கட்டுகிற நம் ஆட்களை ஒரு தடவை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷாண்டன் மேட்டுக்கு நான் எத்தனை தடவை ஏறினேன் தெரியுமா? ஆறு தடவை. நீ ஒரு தடவைகூடப் போனதில்லை என்று உன் பேச்சிலேயே தெரிந்தது. அங்கே வெண்ணெய்க்கு ஒரு மியூசியம் இருக்கிறது. ஊத்துக்குளியில் முப்பத்தெட்டு வருஷமாக வெண்ணெய் வியாபாரம் செய்கிறவனுக்கு, உலகத்தில் வெண்ணெய்க்கு மியூசியம் கட்டிய ஊர் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நீயும் சொல்லவில்லை.

1770 வாக்கில் அங்கே வெண்ணெய்ச் சந்தை தொடங்கியிருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை அதுதான். கெர்ரி மலைப்பக்கத்துக் குடியானவர்கள் குதிரையில் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த வழிகளுக்கு இன்றைக்கும் வெண்ணெய்ச் சாலை என்றுதான் பெயர். சுமார் 25 கிலோ பிடிக்கிற மரப்பீப்பாய், ஃபர்கின் என்பார்கள். பரிசோதகர் நீளமான துரப்பணத்தைப் பீப்பாயின் அடி வரைக்கும் இறக்கி எடுப்பார். நம் மண்டியில் அரிசி மூட்டைக்குக் குத்தூசி போடுகிற மாதிரியேதான். மேலே நல்லதும் அடியில் மட்டமானதும் வைத்து ஏமாற்ற முடியாது. பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, தரம் பிரித்து பீப்பாயில் முத்திரை குத்திவிடுவார்கள். உங்க அப்பாரு, அதான் என் அப்பா, புறங்கையில் துளி தேய்த்து முகர்ந்து பார்த்தே எந்த ஊர் எருமை என்று சொல்லுவார் என்பார்களே, அந்த ஆள் அங்கே பிறந்திருந்தால் பெரிய உத்தியோகத்தில் இருந்திருப்பார்.

அந்த வெண்ணெய் மேற்கிந்தியத் தீவுகள் வரைக்கும் கப்பலில் போயிருக்கிறது. அந்த வெயிலில் எப்படிக் கெடாமல் போயிற்று என்று நெடுநேரம் நின்று யோசித்தேன். உப்பு. கை நிறைய உப்பைப் போட்டு, ஒழுகாத பீப்பாயில் அடைத்திருக்கிறார்கள். காறிப்போகாமல் இருக்க அவர்கள் உப்பு போட்டார்கள், நாம் உருக்கி நெய்யாக்கினோம். அதற்கும் முந்தைய காலத்தில் சதுப்புக்குள் புதைத்து வைப்பார்களாம். அப்படிக் கிடைத்த, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்து வெண்ணெய் ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முகர்ந்து பார்க்க விடவில்லை, அது ஒன்றுதான் குறை.

ஒன்று மட்டும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1845இல் தொடங்கி உருளைக்கிழங்கு அழுகிப் போனதே, அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் ஷாண்டனுக்கு வெண்ணெய் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, கப்பலும் ஏறியிருக்கிறது. பாலும் வெண்ணெயும் நிலச்சுவான்தாருக்குக் கட்டும் குத்தகைக்கு, கிழங்குதான் வயிற்றுக்கு. கிழங்கு போனதும் எல்லாம் போயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கம் ஜனங்கள் விழுந்து கிடக்க, தானியம் கப்பலேறியதை உங்க ஆத்தா கதையாகச் சொல்வாள். நல்ல வெண்ணெயை விற்றுவிட்டு மோர் குடிக்கிற வீடு நமக்கும் புதிதில்லை.

இங்கிலீஷ் மார்க்கெட்டிலும் இதையேதான் பார்த்தேன். 1788இல் தொடங்கிய மார்க்கெட். குடலும், ரத்தத்தை அடைத்த டிரிஷீன் என்ற பதார்த்தமும் விற்கிறார்கள். நல்ல மாட்டுக்கறி உப்புப் போட்டுக் கப்பலுக்குப் போய்விட, தலை, கால், குடல், ரத்தம் உள்ளூர் ஏழைக்கு மிஞ்சியிருக்கிறது. இன்றைக்கு அதையே பெருமையாகச் சாப்பிடுகிறார்கள். கறிக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன வேணும், பாய்?" என்கிறார். நம் ஊரில் கறிக்கடைக்காரரை நாம் பாய் என்போம், அங்கே அவர் என்னைச் சொல்கிறார்! "பையா" என்ற அர்த்தத்தில் யாரிடம் பேசினாலும் கடைசியில் அதைச் சேர்ப்பது கார்க்காரர் வழக்கம் என்று பிற்பாடுதான் புரிந்தது. நாம் 'ங்க' போடுகிறோமே, அந்த மாதிரி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள், பார்த்தாயா? பழக்க தோஷத்தில் திருப்பூர் பஸ்ஸில் நானும் சொல்லிவிட்டேன். சில்லறை பாக்கியா என்று கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை கேட்டு அயர்லாந்து போராடிய 1920 கதையை நீ உன் மகனுக்குச் சொல்ல வேண்டும். அந்த மார்ச்சில் மேயர் தாமஸ் மக்கர்ட்டனை வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். அன்றைக்கு அவருக்கு 36ஆவது பிறந்தநாள். அடுத்து மேயரான டெரன்ஸ் மெக்ஸ்வினி சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து, லண்டன் பிரிக்ஸ்டன் ஜெயிலில் அக்டோபர் 25 அன்று உயிரை விட்டார். ஒன்பது வருஷம் கழித்து நம் ஜதின் தாஸ் லாகூர் சிறையில் 63 நாள் பட்டினி கிடந்து இறந்தபோது, மெக்ஸ்வினி குடும்பத்திலிருந்து தந்தி வந்தது. அதே 1920 டிசம்பரில் ஆங்கிலேயப் படையினர் ஊரின் நடுவே தீ வைத்தார்கள். நகர மன்றம், நூலகம், நாற்பதுக்கு மேல் கடைகள் எல்லாம் சாம்பல். கார்க்காரர்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று லண்டனில் சாதித்தார்களாம். கொளுத்தியவர்களோ பிற்பாடு கருகிய பாட்டில் தக்கையைத் தொப்பியில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். உன் அம்மா சொல்கிற அதே தக்கைதான்.

உன் கம்ப்யூட்டர் தொழிலின் மூலபுருஷனும் அந்த ஊரில்தான் கிடக்கிறார். ஜார்ஜ் பூல், செருப்புத் தைப்பவர் மகன். பட்டம் கிட்டம் ஒன்றும் இல்லாமல் 1849இல் உங்கள் ஊர்க் கல்லூரிக்கு முதல் கணக்குப் பேராசிரியராக வந்தவர். 1864இல் கொட்டும் மழையில் நடந்துபோய், நனைந்த துணியோடேயே பாடம் நடத்தி, சளிக்காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் மனைவி, எவரெஸ்ட் சிகரத்துக்கு யார் பெயரை வைத்தார்களோ, அந்த நம் சர்வே அதிகாரியின் தம்பி மகள். நனைந்து வந்த நோய்க்கு நனைப்பதே மருந்து என்று புருஷனை ஈரத்துணியில் சுற்றினாள் என்று ஒரு கதை. "சுக்குக் கஷாயம் வைக்கத் தெரியலையா அவளுக்கு?" என்றாள் உன் அம்மா. நீ மழையில் நனைந்துகொண்டே போகிறாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறுபடியும் வெண்ணெய்க்கே வருகிறேன். அவ்வளவு பெரிய சந்தை 1924இல் கதவைச் சாத்திவிட்டது. டென்மார்க்காரன் மெஷினில் பாலாடை பிரித்து, தினமும் ஒரே பதத்தில், உப்பு குறைத்து, புதுசாக இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறான். கார்க் வியாபாரிகள் எங்கள் முத்திரைக்கு மேல் என்ன வேண்டும் என்று அதே உப்பு, அதே பீப்பாய் என்று இருந்துவிட்டார்கள். பீப்பாய் எடை போட்ட வட்டக் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது அதில் நடனம் ஆடுகிறார்கள்.

அதைப் படித்த அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை நான். உடம்பு சரியில்லையா என்று நீ கேட்டாய். நாலு வருஷத்துக்கு முன் கால் கிலோ டப்பா, லேபிள், கூரியர் என்று நீ எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கல்லாவிலிருந்து எடுத்து வெளியே போட்டேனே, அது ஞாபகத்துக்கு வந்தது. ஊத்துக்குளி என்ற பேருக்கு மேல் விளம்பரம் எதற்கு என்று கத்தினேன். அந்தக் காகிதத்தை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். ஊருக்கு வந்ததும் கேட்டு வாங்கினேன்.

ஐநூறு டப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். லேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், எழுத்து சின்னதாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல். நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லாதே, அது அம்மா எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஷாண்டன் கோபுரத்துக்குப் போ. கயிற்றை இழுத்து மணி அடிக்க நம்மையே விடுவார்கள். மேலே நாலு பக்கமும் கடிகாரம் இருக்கும். நாலும் நாலு நேரம் காட்டும் என்பதால் நாலு முகப் பொய்யன் என்று ஊரே கேலி செய்கிறது. நீ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா