எழுநூற்று முப்பது அடி

மன்னார்குடி,
ஆடி வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பாட்டி மூன்று பேரும் சுகம். நீ படிக்கிற அந்த ரஷ்ய ஊரில் கோடையில் ராத்திரியே கிடையாதாமே, பிறகு கோழி எதைப் பார்த்துக் கூவும் என்று பாட்டி தினமும் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ சொல்.

போனில் நான் ஆரம்பித்தாலே "சரிப்பா, விடுங்க" என்று முடித்துவிடுகிறாய். அந்த ராத்திரி நான் ஏன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன் என்று நீ கேட்கவே இல்லை. "அப்பா வழி தவறிட்டாரு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் மன்னார்குடி–தஞ்சாவூர் தடத்தில் டிக்கெட் கிழித்தவன் வழி தவறவில்லை, பாப்பா. எனக்குக் கணக்கு இடித்தது. அதை எழுதத்தான் இது. தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. "ஊரெல்லாம் சிங்கப்பூர், துபாய் போறான், நீங்க பரீட்சை நேரத்துல இங்க வந்து என்ன செய்யப்போறீங்க" என்று கேட்டாய். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் உன்னை மட்டும் பார்க்க வரவில்லை. நான் ஏழாவது படிக்கும்போது தேரடியில் ஒரு வேன் நிற்கும். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். உன் தாத்தா சங்கத்து ஆள். கூலி வாங்கிய அன்றைக்கு வேன் வந்தால் எனக்கு ஒரு புத்தகம் நிச்சயம். மற்றப் பிள்ளைகள் ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழப்புத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அதையும் படித்துவிட்டுத்தான் அட்டை போட்டேன். அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ரஷ்ய மொழியில் ஏதோ இருக்கும். அதைச் சிலேட்டில் பார்த்துப் பார்த்து எழுதுவேன். அச்சகத்தின் முகவரியாக இருந்திருக்கும். எனக்கு அப்போது அது மந்திரம்.

அந்த ஊரை நான் லெனின்கிராடு என்றே சொல்வது உனக்கு எரிச்சல். 1991-லேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பேரை மாற்றிவிட்டார்கள் என்கிறாய். தெரியும். 1914-இல் ஒரு தடவை, 1924-இல் ஒரு தடவை, 1991-இல் ஒரு தடவை என்று பேர் மாறிய ஊர் அது. என் ஸ்டேஜில் நான் ஏறும்போது என்ன பேரோ அதுதான் வாயில் வரும்.

நீ புத்தகத்தோடு அறையில் அடைந்து கிடந்த ஒன்பது நாளும் நான் நடந்தேன். நம்மூர் கார்டு செல்லாத ஊரில் ரொக்கத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவனுக்கு நடைதான் தோது. ஒரே ஒரு நாள் ட்ராமில் ஏறினேன். டிக்கெட் கொடுக்க ஒரு அம்மா வந்தார், என் வயசு இருக்கும். நான் கண்டக்டராக இருந்தவன் என்று கையால் கிழிக்கிற மாதிரி காட்டினேன். டிக்கெட் கிழிந்துவிட்டது, வேறு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எரிந்து விழுந்தார். எந்த ஊரானாலும் நம் இனம் ஒன்றுதான். மெட்ரோவை விட்டுவிட்டேன். அந்த நகரும் படியில் கீழே போய்ச் சேருவதற்குள் ஒரு சிறுகதை படித்து முடித்துவிடலாம். பாதாளத்துக்குப் போய்விட்டால் மேலே இருக்கிற ஊரை எப்படிப் பார்ப்பது?

முதல் நாள் தெருவுக்குத் தெரு "பெக்டோபா" என்று பலகை. யாரோ பெரிய முதலாளி, ஊரெங்கும் கிளை வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அது ரஷ்ய எழுத்தில் "ரெஸ்தரான்" என்று நீ சொன்னபோது சிரித்தாயே, அன்றைக்கு ராத்திரியே எழுத்து முழுவதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நாலாம் நாள் லித்தேய்னி வீதியில் பழைய புத்தகக் கடைகளில் முதுகு எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பு-ஷ்-கி-ன். கோ-க-ல். அர்த்தம் ஒன்றும் தெரியாது, பேர் மட்டும் தெரியும். கல்யாண வீட்டில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவன் மாதிரி அலமாரி அலமாரியாகப் போனேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் வாங்காமல் இரண்டு மணி நேரம் நின்றதற்கு நம்மூர் ஆளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி வீட்டுக்கும் போனேன். குஸ்னேச்னி சந்தில் ஒரு மூலை வீடு. இந்த ஒரே ஊரில் இருபது வீடு வரைக்கும் மாறியவர் என்கிறார்கள். வாடகை வீட்டுக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். 1881-இல் அவர் இறந்தது இந்த வீட்டில்தான். கடிகாரத்தை அந்த நேரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு சிகரெட் டப்பா இருந்தது. அதன் அடியில் அவருடைய மகள், பதினொரு வயதுப் பிள்ளை, அப்பா இறந்த தேதியை எழுதி வைத்திருக்கிறது. கையில் கிடைத்ததில் எழுதியிருக்கிறது. நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் சந்தையில் வெள்ளரிக்காய் விலை விசாரித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாயந்திரம் காரணமே இல்லாமல் உனக்கு மூன்று தடவை போன் அடித்தேனே, அது இதனால்தான்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ஒரு மாணவன் தன் வீட்டு வாசலிலிருந்து, தான் கொல்லப்போகிற வட்டிக்காரக் கிழவியின் வீடு வரைக்கும் சரியாக எழுநூற்று முப்பது அடி என்று எண்ணி வைத்திருப்பான். முதல் அத்தியாயத்திலேயே வரும். முதல் தடவை படித்தபோது எனக்குக் கொலையைவிட இந்த எண்தான் மனசில் நின்றது. ஒரு மனுஷன் ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்று தவிக்கும்போது காலடியை எண்ணுகிறான்! எண்ணுகிறவனின் மனசு எண்ணுகிறவனுக்குத்தான் தெரியும். நிற்கிற கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிப் பழகியவன் நான்.

அந்த ஊரில் வாசகர்கள் இரண்டு வீட்டையும் அடையாளம் சொல்கிறார்கள். மாணவன் வீடு ஸ்தல்யார்னி சந்து முனையில். சுவர் மூலையில் எழுத்தாளரின் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிழவி வீடு கிரிபயேதவ் கால்வாய்க் கரையில், 104-ஆம் எண். 1866-இல் நாவல் வெளிவந்தபோது தஸ்தயெவ்ஸ்கியே மாணவன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தார், ஆகவே தன் காலாலேயே அளந்திருப்பார் என்பது என் ஊகம். இல்லாத மாணவன், இல்லாத கிழவி. ஆனால் தெரு இருக்கிறது, பாலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அப்புறம் என்ன?

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். அப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பத்தரைக்குத்தான் சூரியன் இறங்கியது, இறங்கியும் இருட்டவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம். முதல் தடவை, கதையில் அவன் போகிறபடியே கொக்குஷ்கின் பாலம் தாண்டி, சதோவயா தெருவில் திரும்பி, யூசுபவ் தோட்டத்து ஓரமாகப் போனேன். எழுநூற்று முப்பது வந்தபோது கிழவி வீடு கண்ணுக்கே தெரியவில்லை. ஆயிரமும் தாண்டியது. சரி, சுற்று வழி. திரும்பிப் போய்க் கால்வாய்க் கரையோடு குறுக்கே வந்தேன். அப்போதும் ஆயிரத்துக்குக் கீழே வரவில்லை. நடுவில் ஒரு நாய் குரைத்ததில் எண்ணிக்கை விட்டிருக்குமோ என்று சந்தேகம்.

உனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் பாப்பா, ராத்திரி கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் கலெக்‌ஷன் கட்டும்போது ஐந்து ரூபாய் குறைந்தாலும் கைக்காசைப் போட வேண்டும். கூடினாலும் பதில் சொல்ல வேண்டும். கணக்கு நேராகாமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் வருவதற்குள் தூங்கிவிடுவாயே, பாதி நாள் அதனால்தான்.

மூன்றாம் தடவை காலை எட்டி எட்டிப் போட்டேன். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகிய கால். அகட்டித்தான் வைக்க வரும், நீட்டி வைக்க வராது. முட்டி விட்டுப்போய்விட்டது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அப்போதுதான் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது. போனில் சார்ஜ் இல்லை. ராத்திரியில் கப்பல் போகப் பாலம் தூக்குகிற நேரத்தை நீ தாளில் எழுதிக் கொடுத்திருந்தாய், அது என் இன்னொரு சட்டையில் இருந்தது.

அப்போதும் வேகமாக நடந்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். இசாக் சதுக்கத்தில் நின்றுவிட்டேன். நீதான் முதல் நாள் காட்டினாய், விதைகளைச் சேர்த்து வைக்கிற வவிலவ் நிலையம் இதுதான் என்று. 1941-இலிருந்து 1944 வரைக்கும் 872 நாள் ஜெர்மன் படை அந்த ஊரை வளைத்துக்கொண்டு பட்டினி போட்டது. அப்போதும் உள்ளே இருந்த ஆராய்ச்சியாளர்கள் விதையைத் தொடவில்லை. நெல்லுக்குப் பொறுப்பாக இருந்தவர் திமீத்ரி இவானவ். ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் செத்தார். அந்தச் சேகரத்தை உண்டாக்கிய வவிலவே 1943-இல் சொந்த நாட்டுச் சிறையில்தான் செத்தார். அதை என் மாஸ்கோ புத்தகங்கள் எதுவும் எனக்குச் சொல்லவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

டெல்டாக்காரன் அந்த இடத்தை எப்படித் தாண்டிப் போவான்? வந்த அடியாருக்குச் சோறு போட, விதைத்த முளை நெல்லை மழையில் வாரிக்கொண்டு வந்த இளையான்குடி மாறனை நாம் நாயனார் என்று கும்பிடுகிறோம். அது சரிதான். ஆனால் வாரி எடுக்காமல் செத்தவனுக்கு நம்மிடம் கதை இல்லை. உன் பாட்டி, நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் விதை நெல் கட்டி வைத்த கோட்டையைப் பிரித்துச் சோறாக்கியதை இன்றைக்கும் குற்றம்போலத்தான் சொல்கிறாள். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. காவலுக்கு இருந்தவர் ஒரு மாதிரி பார்க்கவும் நகர்ந்தேன்.

அரண்மனைப் பாலத்துக்கு வந்தபோது நடுவில் இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து நின்றது. கரை முழுக்க இளவட்டங்கள், கிட்டார், கைத்தட்டல். இந்தியரைப் பார்த்தால் ராஜ் கபூர் பாட்டைப் பாடுவார்கள் என்று போனவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் பாடவில்லை. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் போயின. அந்தக் கரையில் நம் அறை இருக்கிற தீவு தெரிகிறது, போக முடியாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நிற்பது மாதிரி நின்றேன். நடுவில் மூன்று மணி வாக்கில் கொஞ்ச நேரம் பாலத்தை இறக்குவார்கள் என்று நீ அப்புறம்தான் சொன்னாய். அந்த நேரத்தில் நான் பீட்டர் மன்னரின் குதிரைச் சிலைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த புத்தகத்தை அந்த வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு தெரிந்தது. உள்ளே தெரியவில்லை. அப்படியே கண்ணசந்துவிட்டேன்.

ஐந்து மணிக்குப் பாலம் இறங்கியதும் முதல் ஆளாக நடந்தேன். அந்த முனையில் நீ நின்றாய், நைட்டி மேலேயே கோட்டு, ஒரு கையில் பரீட்சை நோட்டு. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அழுதிருந்தாய். கிட்டே வந்ததும் "டீ குடிக்கிறீங்களா" என்று மட்டும் கேட்டாய். நானும் கவனிக்காததுபோல "சர்க்கரை கம்மியா" என்றேன். அன்றைக்குப் பத்து மணிக்கு உனக்குப் பரீட்சை. தேறிவிட்டாய் என்பதால் என் தப்பு குறைந்துவிடாது. மன்னித்துக்கொள் பாப்பா. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

போன வாரம் நம் வீட்டு வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். என் காலுக்கு எழுநூற்று முப்பது என்றால் இஸ்திரி வண்டியைத் தாண்டி, ரேஷன் கடை திண்ணை வரைக்கும்தான். அங்கே நின்று பார்த்தேன். தூரமே இல்லை.

அந்த மாணவனுக்கு வயசு இருபத்து மூன்று, நல்ல உயரம். உனக்கும் இருபத்து மூன்று, தாத்தா வாட்டம். விடுமுறை விட்டதும் ஒரு நாள் எனக்காகக் கால்வாய்க் கரையோடு எண்ணிப் பார். பகலில் போ. சுமாராக இத்தனை என்று எழுதாதே, சரியான எண் வேண்டும். போனை முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்.

அம்மா மாவடு அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா