சுடர் அணைந்த பிறகே நீர் ஏறியது: கவனித்துச் சொன்னவர்களுக்கு என் நன்றி

அன்புமிக்க சக பயிற்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 7-ஆம் வகுப்புக்கென ‘எரிதலும் காற்றும்’ என்ற தலைப்பில் நான் நடத்திய மாதிரிப் பாடத்துக்கு மாணவர்களாக வந்தமர்ந்து, 20 நிமிடமும் கவனம் சிதறாமல் உற்றுநோக்கி, பின்னர் உங்கள் கருத்துகளை எழுத்தில் தந்த 14 பேருக்கும் இம்மடலின் வழியாக நன்றி கூறிக்கொள்கிறேன். அன்றே வாய்மொழியாக நன்றி சொன்னேன் என்றாலும், உங்கள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகப் படித்த பிறகுதான் நீங்கள் செய்திருக்கும் உதவியின் அளவு எனக்குப் புரிந்தது. ஆகவே அதை எல்லோரும் அறியச் சொல்வதே முறை என்று கருதுகிறேன்.

நான் கற்பித்த முறையை மட்டுமல்ல, கற்பித்த செய்தியையே திருத்திய இருவருக்கு முதல் நன்றி. தட்டில் நிறமூட்டிய நீரை ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது; நீர் குவளைக்குள் ஏறியது. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் என்றும், அது எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டது என்றும் விளக்கினேன். பள்ளியில் எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அதில் ஐயப்பட இடமிருக்கிறது என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

முன்வரிசைத் தோழி ஒருவர் தம் தாளில் எந்தத் தீர்ப்பும் எழுதாமல், கண்டதை மட்டும் எழுதியிருந்தார்: “குவளையைக் கவிழ்த்ததும் விளிம்பின் அடியிலிருந்து நான்கு குமிழிகள் வெளியேறின. சுடர் எரிந்தவரை நீர்மட்டம் அநேகமாக அசையவில்லை. அணைந்த பிறகே விறுவிறுவென்று ஏறியது. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், எரியும்போதே சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டாமா?” அந்தக் கேள்வியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குமிழிகளை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அவற்றுக்குப் பொருள் உண்டு என்று எண்ணாமல் கடந்து வந்திருக்கிறேன்.

மறுநாள் மாலை, வேதியியல் படித்த நண்பர் ஒருவர் ஆய்வகத்தில் என்னோடு இருந்து, அதே தட்டில் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிச் செய்து காட்டினார். குவளை அதே குவளை, அதிலுள்ள ஆக்சிஜனும் அதே அளவு. ஆனால் நீர் முன்பைவிடத் தெளிவாகவே உயர்ந்து நின்றது. சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். மேலும், மெழுகு எரியும்போது 38 பங்கு ஆக்சிஜன் செலவானால் 25 பங்கு அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது என்பதையும், குவளையிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது என்பதையும் அவர் தாளில் கணக்கிட்டுக் காட்டினார். ஆக, வேதிவினையால் குறையும் கன அளவு மிகச் சொற்பம். இத்தவற்றோடு நான் பள்ளிக்குள் நுழைந்திருந்தால், அதை உண்மையென்று நம்பி எழுதிவைக்கும் ஒரு வகுப்பு முழுவதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைத் தடுத்த இவ்விருவருக்கும் நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து, கடிகாரத்தோடு பின்வரிசையில் அமர்ந்திருந்த நண்பருக்கு. நான் கேட்ட 11 வினாக்களையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் எத்தனை நொடி காத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். ஒன்பது வினாக்களுக்கு எதிரே ‘1’ என்ற எண்; இரண்டுக்கு எதிரே, ‘விடையை ஆசிரியரே சொல்லிவிட்டார்’ என்ற குறிப்பு. ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, தாமாக முன்வந்து பேசுபவர்கள் பெருகுகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எடுத்துக்காட்டியதை நாம் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். படித்தது வேறு, என் பெயர் எழுதிய தாளில் ஒன்பது முறை அந்த எண்ணைக் கண்டது வேறு.

இருக்கை வரைபடம் வரைந்து, நான் யார் யாரிடம் வினா கேட்டேன் என்று புள்ளி வைத்துத் தந்த தோழிக்கும் நன்றி. வலப்பக்கக் கடைசி இரண்டு இருக்கைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. கரும்பலகையின் அடிப்பகுதியில் எழுதியது பின்னால் தெரியவில்லை என்றவர்களுக்கும், சுடருக்கு அருகே என் துப்பட்டா தொங்கியதைச் சொன்னவருக்கும் நன்றி. வரையறையை முதலில் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போகலாம் என்று மூவர் எழுதியிருந்தீர்கள். நெடுநேரம் யோசித்தும் அதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை, ஏனெனில் விடை தெரிந்த பிறகு மாணவர்கள் தட்டைக் கூர்ந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், என் வரிசைமுறைக்கான காரணத்தை நானே தெளிவுபடுத்திக்கொள்ள அக்கருத்து உதவியது.

1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் நுண்ணிலைக் கற்பித்தலை, அதாவது சிறு குழுவுக்குக் குறுகிய நேரம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி முறையை, உருவாக்கியபோது, பின்னூட்டத்துக்குப் பின் அதே பாடத்தை மறுபடியும் கற்பிப்பதை அதன் இன்றியமையாத பகுதியாக வைத்தார்கள். அதன்படி நான் மறுகற்பித்தலுக்கு நின்றபோது, உங்கள் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு 14 பேரும் மீண்டும் வந்தீர்கள். “குவளைக்குள் இருக்கும் காற்று சூடானால் என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணினேன். நான்காவது நொடியில், வரைபடத்தில் புள்ளியே இல்லாத அந்த வலப்பக்க மூலையிலிருந்து, “அப்படியானால் முதலில் போன குமிழிதான் அந்தக் காற்றா?” என்ற குரல் வந்தது. அவர் ஏழாம் வகுப்பு மாணவராக நடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் என் கண்கள் கலங்கிவிட்டன.

உங்கள் 14 தாள்களையும் பாடத்திட்டப் பதிவேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வரும் வாரம் உங்களில் ஐவர் பாடம் நடத்தவிருக்கிறீர்கள். கடிகாரத்தோடும் வெற்றுத் தாளோடும் கடைசி வரிசையில் நான் அமர்ந்திருப்பேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் சக பயிற்சி ஆசிரியை