பொலிவியாவின் தலைநகரம் சுக்ரேதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி போன ஞாயிற்றுக்கிழமை தனியார் வகுப்பிலிருந்து வந்ததும் பொது அறிவு வினாத்தாளை என் மடியில் போட்டாள். பொலிவியாவின் தலைநகரம் எது என்ற வினாவுக்கு ‘சுக்ரே’ என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் சிவப்பு மையில் ‘லா பாஸ்’. “அம்மப்பா, நீங்கள் சொல்லித் தந்த விடையால் ஒரு புள்ளி போய்விட்டது” என்றாள். அன்று மாலையே தங்கள் மாணவர் பக்கத்திலும் அதே லா பாஸைக் கண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தலைநகரம் சுக்ரே என்று ஆறாவது உறுப்புரையில் சொல்கிறது. ஜனாதிபதியும் அமைச்சுகளும் சட்டமன்றமும் இருப்பது லா பாஸில். அதியுயர் நீதிமன்றமும் அரசியலமைப்பு நீதிமன்றமும் சுக்ரேயில். 1899இல் முடிந்த உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற ஏற்பாடு இது. லா பாஸின் தாராளவாதிகள் சுக்ரேயின் பழமைவாதிகளை வென்றார்கள்; ஆட்சி மலையேறிப் போனது, நீதிமன்றம் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. (மலையேறி என்பது அலங்காரமல்ல. லா பாஸ் நம் பீதுருதலாகலை உச்சியைவிட ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது.) 2007இல் புதிய அரசியலமைப்பை எழுத சுக்ரேயில் கூடிய பேரவை, ‘எங்கள் தலைநகரை முழுமையாகத் திருப்பித் தாருங்கள்’ என்ற போராட்டத்தால் கூட்டம் நடத்த முடியாமல் திணறியது. தெருவில் உயிர்களும் போயின. பாராளுமன்றம் கோட்டேயிலும் ஜனாதிபதி செயலகம் காலிமுகத்திடலிலும் உயர் நீதிமன்றம் புதுக்கடையிலும் இருக்க, தலைநகரம் எதுவென்று கேட்டால் ஒரு கணம் யோசிக்கிற கொழும்பார் நமக்கு இது விளங்காத விடயமா?

அதே வினாத்தாளில், அரசின் துறைகள் எத்தனை என்று இன்னொரு வினா. பேத்தி மூன்று என்று எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறாள். பொலிவியாவில் நான்கு. சட்டம், நிறைவேற்று, நீதி ஆகியவற்றுக்குச் சமமாகத் தேர்தலும் ஒரு துறை. அதன் உச்சியில் இருக்கும் தேர்தல் நீதிமன்றத்தில் ஏழு பேர். ஆறு பேரைச் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் தெரிவுசெய்கிறது, ஒருவரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஏழில் இருவராவது பூர்வகுடியினராக இருக்க வேண்டும். நான் எழுதுநராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்கெண்ணியவன். அப்போது நம்மிடம் இருந்தது ஒரு திணைக்களம். 2015இல்தான் அது ஆணைக்குழுவானது. ஆகவே அந்த நான்காம் துறையைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நமக்கு வாக்கெண்ணும் பயிற்சி வகுப்பில் ஜனாதிபதித் தேர்தல்தோறும் இரண்டாம் விருப்பு வாக்கை, அதாவது எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காதபோது மற்றவர்களின் தாள்களிலிருந்து முதல் இருவருக்கும் சேர்க்கும் வாக்கை, எப்படி எண்ணுவது என்று விளக்குவார்கள். நாங்கள் தேநீர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். 1982 முதல் அதற்கு ஒருமுறைகூடத் தேவை வரவில்லையே! 2024 செப்டெம்பரில் வந்தது. நான் ஓய்வுபெற்று வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன்.

பொலிவியாவில் முதற்சுற்றிலேயே வெல்ல, பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். அல்லது 40 வீதமாவது பெற்று, அடுத்தவரைவிடப் பத்து வீதம் முன்னே நிற்க வேண்டும். அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் தேர்தலில் முதலாமவருக்கு 42.31, இரண்டாமவருக்கு 32.76. இடைவெளி 9.55. பொலிவிய விதிப்படி அரை வீதத்துக்கும் குறைவான துண்டுக்காக நாடு முழுவதும் மறுபடி வாக்களிக்கப் போயிருக்கும். அங்கே 2019இல் அப்போதைய ஜனாதிபதி மொராலெஸுக்குக் கிடைத்த இடைவெளி 10.57 என்று அறிவித்தார்கள். அந்த எண்ணை நம்பாதவர்கள் தெருவில் இறங்கினார்கள், தேர்தல் இரத்தானது, அவரும் பதவி விலகினார்.

இரண்டாம் சுற்று அங்கு முதன்முறையாக நடந்தது 2025 ஒக்டோபர் 19இல். வென்றவர் ரொட்ரிகோ பாஸ். அவருடைய தந்தை ஹைமே பாஸ் சமோரா 1989இல் மூன்றாமிடம் பெற்றும் ஜனாதிபதியானவர். எவருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் காங்கிரஸ் தெரிவுசெய்யலாம் என்பது அன்றைய விதி. அந்த விதியைவிட இன்றைய விதி எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரே தாளில் வேலையை முடிக்கும் நம் முறையையே நான் விரும்புகிறேன். மக்கள் அதைப் பயன்படுத்தினால் அல்லவா? 2024இல் இங்கே மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த 33 இலட்சம் வாக்குகளிலிருந்து இறுதி இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் மூன்று இலட்சம்கூட இல்லை.

பொலிவியர்கள் நீதிபதிகளையும் வாக்களித்தே தெரிவுசெய்கிறார்கள். சட்டமன்றம் பட்டியல் தரும், வேட்பாளர் பிரசாரம் செய்யக்கூடாது. 2011இலும் 2017இலும் செல்லுபடியான வாக்குகளைவிட வெற்றுத் தாள்களும் கெட்ட வாக்குகளுமே அதிகம். பெயரே தெரியாதவருக்கு எப்படிப் புள்ளடி இடுவது? அந்த நிராகரிக்கப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியவர்களின் விரல்களை நினைத்துப் பார்க்கிறேன்.

தங்கள் மாணவர் பக்கத்தில் ‘தலைநகரம் சுக்ரே, அரசாங்கம் இயங்குவது லா பாஸில்’ என்று ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். அதை வெட்டி வகுப்புக்கு எடுத்துச் செல்ல என் பேத்தி கத்தரிக்கோலுடன் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச எழுதுநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.