அக்கரைப்பற்று வீட்டுத் தண்ணியும் குப்பையும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே வீடு கிடைத்ததில் எனக்கு நிம்மதி. கிணறு, பைப் இரண்டும் இருப்பது இன்னும் நல்லது. ஆனால் போனில், "தண்ணி பில்லும் குப்பையும் வீட்டுக்கார டீச்சர்ட பாடு அம்மா" என்று சொன்னாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது. டீச்சர் கொழும்பில் மகனோடு இருக்கிறார். பைப்பைத் திறப்பதும் பூட்டுவதும் நீ. குப்பையைக் கட்டி வாசலில் வைப்பதும் நீ. கடதாசியில் பெயர் அவருடையதாக இருக்கலாம், தண்ணியை வெட்டினால் சின்னவனைக் குளிப்பாட்ட முடியாமல் நிற்கப்போவது நீதான். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

லொறியிலிருந்து சாமான் இறக்கும்போதே மீற்றரைப் போய்ப் பார். படலைக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் இருக்கும். மூடியைத் திறந்தால் மண்ணும் எறும்பும்தான் முதலில் தெரியும், ஒரு துணியால் துடை. கறுப்பு இலக்கங்கள் யூனிட். சிவப்பு அதற்கும் கீழே உள்ள லீற்றர்க் கணக்கு. ஒரு யூனிட் என்பது ஒரு கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர். அந்த இலக்கத்தையும் மீற்றரின் மேலே பொறித்திருக்கும் தொடர் எண்ணையும் சேர்த்துப் போனில் படம் எடுத்து, அன்றைக்கே டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. "இன்றையிலிருந்து ஓடுகிற தண்ணி என் கணக்கு, இதற்கு முந்தியது உங்களோடு" என்று மரியாதையாக ஒரு வரி எழுது. கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்காதே. படிப்பித்த மனுசி, கணக்குச் சுத்தமாக இருந்தால் சந்தோசப்படுவார்.

தபால் கந்தோர் கவுண்டரில் இருந்த காலம் முழுக்க இந்தச் சண்டையைக் கேட்டிருக்கிறேன். புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் முதல் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நிலுவை என்ற இடத்தில் பெரிய தொகை ஒன்று நிற்கும். முன்னே இருந்தவர் கட்டாமல் போனது. வந்தவருக்கு அது தெரியாது, வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார், காசு வாங்குகிற எனக்கும் அதில் செய்ய ஒன்றுமில்லை. நீர் வழங்கல் சபைக்கு ஆள் கணக்கில்லை, இணைப்பின் கணக்குத்தான். யார் பயன்படுத்தினாலும் நிலுவை அந்தக் கணக்கிலேயே கிடக்கும். அதனால் அட்வான்ஸ் காசைக் கொடுக்கும் முன், கடைசியாகக் கட்டிய தண்ணி பில்லின் ரசீதைக் கேட்டு வாங்கு. கரண்ட் பில்லுக்கும் அதேதான்.

பில்லைப் பெயர் மாற்றவேண்டுமா என்று கேட்டாய். வேண்டாம். பெயர் மாற்றம் வீடு வாங்கியவருக்கு, காணி உறுதியும் அடையாள அட்டையும் கொண்டு நீர் வழங்கல் சபைக்குப் போகவேண்டிய வேலை. வாடகைக்கு இருக்கிறவருக்கு அது தேவையில்லை. கணக்கு இலக்கத்தை மட்டும் எழுதி வை, பில் எஸ்.எம்.எஸ்ஸில் வருவதென்றால் உன் நம்பருக்கு வரும்படி செய்யச் சொல்லி டீச்சரிடம் கேள். இல்லாவிட்டால் பில் கொழும்பில் ஒரு போனுக்குள் கிடக்கும், தண்ணியை வெட்டப்போகிறோம் என்கிற சிவப்பு நோட்டீஸ் மட்டும் உனக்கு வந்து சேரும். காசு கட்டுவது இப்போது லேசு. வங்கி, தபால் கந்தோர், போன், எதிலும் கட்டலாம். தபால் கந்தோரில் கட்டினால் முத்திரை குத்தின துண்டு கையில் இருக்கும். எனக்கு அதில் ஒரு பிடிப்பு, பழகின கை.

பில் வந்ததும் மொத்தத்தைப் பார்க்காதே, முதலில் இரண்டு வாசிப்பையும் பார். முந்தியது, இப்போதையது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் யூனிட். அது மீற்றரில் தெரிகிற இலக்கத்தோடு ஒத்துப்போகவேண்டும். மீற்றரின் தொடர் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடு. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு இருக்கிற இடத்தில் ஒருவர் தண்ணிக்கு மற்றவர் காசு கட்டிக்கொண்டிருந்த கதை எனக்குத் தெரியும், டீச்சரின் தங்கை வீடும் அதே வளவென்று நீ சொன்னதால் சொல்கிறேன்.

கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் ஐந்து யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த ஐந்துக்கு அதைவிடக் கூட. மேலே போகப்போக யூனிட் விலையும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் மாதாமாதம் வருகிற நிலையான கட்டணமும் கூடும். அதனால் இரண்டு மடங்கு தண்ணி பாவித்தால் பில் இரண்டு மடங்கோடு நிற்காது. 2022 செப்டெம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் கட்டணம் ஏறியது, 2024 ஆகஸ்டில் கொஞ்சம் இறங்கியது. மாதம் 15 யூனிட் என்றால் நாளுக்கு 500 லீற்றர். நீ, சின்னவன், உதவிக்கு வருகிற பிள்ளை, மூன்று பேருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. 15-ஐத் தாண்டினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க பிளம்பர் தேவையில்லை. இரவு டியூட்டிக்குப் போகும்போது எல்லா பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பார். இலக்கங்களுக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று, நட்சத்திரம் மாதிரி இருக்கும். தண்ணி நூலளவு போனாலும் அது சுழலும். யாரும் பாவிக்காத நேரத்தில் அது அசைந்தால் மீற்றருக்கு இந்தப் பக்கம் எங்கேயோ ஓட்டை. முதலில் மேல்தாங்கி நிரம்பியதும் தண்ணியை நிறுத்துகிற போல் வால்வைப் பார். அது பழுதானால் தாங்கி நிரம்பி, வழிகிற குழாயால் கூரைப் பக்கம் சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தது கக்கூஸ் தாங்கி. கேசரிக்குப் போடுகிற கலர்ப் பொடியில் ஒரு சிட்டிகை அதற்குள் போட்டு, தண்ணி இழுக்காமல் அரை மணித்தியாலம் விடு. கோப்பைக்குள் கலர் இறங்கியிருந்தால் உள்ளே உள்ள றப்பர் தேய்ந்துபோயிருக்கிறது. கடையில் வாங்கி நீயே மாற்றலாம். குசினி பைப் சொட்டுச் சொட்டாக விழுவதையும் அலட்சியப்படுத்தாதே. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 20, 30 லீற்றர், மாதம் முடிய ஒரு யூனிட்டுக்குக் கிட்ட.

மீற்றர் வரைக்கும் சபையின் பொறுப்பு, அதற்கு இந்தப் பக்கம் வீட்டின் பொறுப்பு. றோட்டில் குழாய் வெடித்து ஓடினால், அல்லது மீற்றரே கசிந்தால் 1939-க்கு அடி. கையால் திருகப் போகாதே. இன்னொன்று, படலையைப் பூட்டிவிட்டு நீ பகலில் தூங்கினால் மீற்றர் பார்க்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். பிறகு சராசரியைப் போட்டுப் பில் வரும், மிச்சம் ஒரு மாதத்தில் மொத்தமாக வந்து விழும். மீற்றர்ப் பெட்டி வெளியிலிருந்து எட்டுகிற மாதிரி, முன்னால் பூச்சட்டி வைக்காமல் விடு. முடிந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லி வை.

சரி, கிணறு. அக்கரைப்பற்றும் நம்முடைய ஊரைப் போலக் கடற்கரை மணல். மணலுக்குள்ளே நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே, சொதியில் முதற்பால் மிதப்பதுபோல மிதக்கிறது. மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே கிணறுகளைச் சுத்தமாக்குகிறோம் என்று விடாமல் இறைத்தார்கள். இறைத்த கிணறுகள் பல மேலும் உவர்த்துப்போயின, பிறகு மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. அதனால் உடுப்புக் கழுவ, முற்றம் நனைக்க, பூக்கண்டுக்கு ஊற்ற மட்டும் கிணறு, அதுவும் விட்டுவிட்டு இறைக்கவேண்டும். குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணி. அது அம்பாறை கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணி, சுத்திகரித்து வருவது. குளோரின் வாசம் பிடிக்காவிட்டால் பாத்திரத்தில் திறந்து கொஞ்ச நேரம் வை, போய்விடும். கக்கூஸ் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்றும் பார்த்துக்கொள். மணலுக்குள்ளே எல்லாம் கெதியாய் ஊறும். நர்ஸுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

யாராவது பிளம்பர் பாஸ் வந்து, "கிணற்று லைனையும் சபை லைனையும் ஒன்றாக்கிவிடுவோம் தங்கச்சி, வசதி" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கிணற்றுத் தண்ணி திரும்பிப் பொதுக் குழாய்க்குள் போகும், ஊருக்கே கேடு. சபைக் குழாயில் நேராக மோட்டர் வைத்து இழுப்பதும் அப்படித்தான். அமுக்கம் குறைவென்றால் இரவில் தாங்கி நிரம்பட்டும்.

இனிக் குப்பை. அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, ஊர்க்காரரே குழம்புவார்கள். விலாசம் எல்லாவற்றுக்கும் அக்கரைப்பற்று என்றுதான் இருக்கும், ஆனால் குப்பை எடுக்கிற உள்ளூராட்சி சபை மூன்று. அக்கரைப்பற்று மாநகர சபை, அக்கரைப்பற்றுப் பிரதேச சபை, ஆலையடிவேம்புப் பிரதேச சபை. ஒரு றோட்டின் இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் வேறு சபையாக இருக்கலாம். குப்பை வண்டி உன் வாசலுக்கு வராமல் எதிர்வீட்டுக்கு வந்தால் கோபிக்காதே, அது வேறு சபை வண்டி. டீச்சரிடம் சோலை வரித் துண்டை, அதாவது வீட்டுக்காகச் சபைக்குக் கட்டுகிற வரியின் துண்டைக் கேள், அதில் எந்தச் சபை என்று இருக்கும். வரி அவர்தான் கட்டவேண்டும், அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். முழு ஆண்டுக்கும் ஜனவரி 31-க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிப்பார்கள் என்று ஞாபகப்படுத்தினால் உன்மேல் அவருக்கு ஒரு மதிப்பு வரும். குப்பைக்கென்று தனியாக ஏதும் அறவிடுகிறார்களா, எந்தக் கிழமை எந்தக் குப்பை எடுப்பார்கள் என்பதை சபைக் கந்தோரிலேயே கேள். பக்கத்து வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு கிழமை சொல்வார்கள்.

உக்குகிறது வேறு, உக்காதது வேறு. இரண்டு வாளி போதும். ஒன்றாகக் கட்டி வைத்தால் வண்டிக்காரர் எடுக்காமல் போக நியாயம் உண்டு. மீன் கழிவுதான் தொல்லை. நீ வாங்குவது வெள்ளிக்கிழமை, வண்டி வருவது திங்கள் என்றால் அதற்குள் காகமும் நாயும் றோட்டு முழுக்க இழுத்துவிடும். செவுளையும் குடலையும் ஒரு பழைய டப்பாவில் போட்டு பிரிட்ஜின் உறைபெட்டியில் வை, வண்டி வருகிற காலையில் எடு. கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும், மணக்காது. வளவில் வாழை இருந்தால் ஒன்றரை அடி ஆழத்தில் அதன் அடியில் தாட்டுவிடு. தேங்காய்ச் சக்கையும் மரக்கறித் தோலும் அங்கேயே போகலாம். தண்ணி தேங்கி நுளம்பு பெருகாதபடி சிரட்டையைக் கவிழ்த்து வை, யோகட் கப்பை நசுக்கிப் போடு. மாரி தொடங்கினால் பீ.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முதலில் பார்ப்பது அதைத்தான்.

சோற்று மிச்சத்தைச் சொப்பிங் பைக்குள் வைத்துக் கட்டாதே, மகள். அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள ஊர்களின் குப்பை கொட்டுகிற இடத்துக்கு யானைகள் வருகின்றன. மிச்சச் சோற்று வாசத்துக்குப் பையோடு சேர்த்து விழுங்குகின்றன. எட்டு ஆண்டுகளில் 20 யானை அப்படிச் செத்ததாக 2022 ஜனவரியில் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. வெட்டிப் பார்த்த வயிறுகளில் பொலித்தீனும் தண்ணியும்தான் இருந்ததாம். சோற்றைப் பறவைக்கு வை, அல்லது வாழைக்குப் போடு. பையைக் கழுவிக் காயவைத்து உக்காத வாளியில் போடு. எரிக்கவும் வேண்டாம். 2017-இலிருந்து பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் சின்னவனுக்கு முட்டு இழுக்கிறது, அந்தப் புகை அவனுக்கு ஆகாது. இங்கே திருப்பெருந்துறைக் குப்பை மேட்டில் நெருப்புப் பிடித்த நாட்களில் நாம் யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தது ஞாபகம் இருக்கும்.

ஆஸ்பத்திரிச் சாமான் வீட்டுக்கு வந்தால், ஊசி, கிளவ்ஸ், எதுவானாலும், குப்பை வாளிக்குப் போகக்கூடாது. திருப்பி ஆஸ்பத்திரிக்கே கொண்டு போ. உடைந்த போத்தலைக் கடதாசியில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி வை. வண்டியில் வருகிற பிள்ளைகள் வெறுங்கையால்தான் தூக்குகிறார்கள்.

ஒரு கொப்பி வாங்கு. மாதாமாதம் ஒரே திகதியில் மீற்றர் இலக்கம், பில் தொகை, கட்டின திகதி, இந்த மூன்றையும் எழுது. மருமகனுக்குக் கட்டாரில் காசுக் கணக்குப் பார்க்க அது உதவும். வீடு மாறும்போதும் கடைசி வாசிப்பைப் படம் எடுத்து, கடைசி பில்லைக் கட்டி, ரசீதைக் காட்டி அட்வான்ஸைத் திருப்பி வாங்கு.

தம்பி வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் அந்தப் பக்கம் வருகிறான். மூடியுள்ள இரண்டு வாளியும், போல் வால்வுக்கு ஒரு றப்பரும், கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். உன் டியூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்று அவனுக்குச் சொல்லிவிடு, பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டு நிற்கப்போகிறான்.

அம்மா