பன்றிக்கு வைத்த வெடி: படுவான்கரை விவசாய அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விவசாய அமைப்புத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், வயல்வெளிகளைப் பார்க்கிற வட்டை விதானைமாருக்கும், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாருக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற நம் படுவான்கரையில், போன பெரும்போகத்தில், நெல் குடலைப் பருவம் தாண்டிக் கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம், எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, மேலே இருக்கிற சிறு குளத்துக்குள் ஓர் இளம் யானை வந்து நின்றது. பதினொரு நாள் நின்றது. கரைக்கு ஏறாது. தும்பிக்கையால் தண்ணீரை அள்ளி வாய்க்குள் விடும். விட்ட தண்ணீர் சிவந்து வெளியே வழியும். குளக்கட்டில் நின்று பார்த்த எல்லோருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். வாய்வெடி: பழத்துக்குள் ஒளித்து வைக்கிற வெடி, கடித்தால் வாய்க்குள்ளேயே வெடிக்கும். வனஜீவராசி வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, தாடை எலும்பு நொறுங்கினால் மருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிப் போனார். பன்னிரண்டாம் நாள் விடியும்போது அது தண்ணீருக்குள் சரிந்து கிடந்தது.

அந்தப் பதினொரு நாளும் நாங்கள் காவலுக்குப் போனோம், வந்தோம், காவல் வாடியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். வெடி வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் அதே கைகளிடம் நான் இரண்டு கிலோ காட்டுப்பன்றி இறைச்சி வாங்கியிருந்தேன்.

பெரும்போக ஆரம்பக் கூட்டம் நெருங்குகிறது. உழவு தொடங்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, மாடுகளை வயலை விட்டு அப்புறப்படுத்தும் திகதி, வாய்க்கால் துப்புரவு எல்லாம் அங்கே தீர்மானமாகும். அந்தத் தீர்மானங்களோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

யானைக்காகப் பேசுகிறவன் வயல் செய்யாதவனாகத்தான் இருப்பான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் மூன்று ஏக்கர் செய்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், விடியப்புறம் காவல் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த என் சித்தப்பாவை யானை அடித்தது. சைக்கிளையும் சாரத்தையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம். சித்தி இன்றும் அந்த வழியால் போவதில்லை. ஆகவே யானை பாவம், மனிதன் கொடியவன் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரே இரவில் நாலைந்து யானைகள் இறங்கினால் ஒரு குடும்பத்தின் வருடம் முழுவதும் போய்விடும் என்பதும், நகையை அடகு வைத்து வாங்கின பசளைக்கு அதன் பிறகும் வட்டி கட்ட வேண்டும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

2011 இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023 என்ற ஒரே ஆண்டில் 450 க்கும் மேற்பட்ட யானைகளும் 150 க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். இரண்டு பக்கமும் இழக்கிற சண்டை இது. இத்தனை வருடம் சுட்டும், வெடி வைத்தும், கரண்ட் கொடுத்தும் நம் வயலுக்கு யானை வருவது குறைந்ததா? வெல்லாவெளிப் பக்கம் கேளுங்கள், வவுணதீவுப் பக்கம் கேளுங்கள், வாகரையில் கேளுங்கள்.

சரி, அகிம்சைக்கு வருகிறேன். நம் வண்ணக்கர்மாரையும் சேர்த்து விளித்தது அதற்காகத்தான்.

அகிம்சை என்றதும் நமக்கு வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாடும், மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் இருக்கிற சிலையும் ஞாபகம் வரும். அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. பதஞ்சலி யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது இயமம், அதாவது செய்யக்கூடாததை விடும் ஒழுக்கம். அந்த இயமம் ஐந்தில் முதலாவது அகிம்சை, இரண்டாவதுதான் சத்தியம். திருமூலர் இயமத்தைப் பத்தாக விரிக்கும்போதும் முதற்சொல் 'கொல்லான்'. வள்ளுவர் கொல்லாமையை முதலில் வைத்து, பொய்யாமையை அதற்குப் பின்னால்தான் நிறுத்துகிறார். பௌத்தத்தின் ஐந்து சீலங்களிலும் முதலாவது உயிர் கொல்லாமை. ஆளுக்கு ஆள் எவ்வளவோ விஷயத்தில் முரண்பட்ட இந்த மரபுகள் எல்லாம் எண்ணத் தொடங்கும் இடம் ஒன்றாக இருக்கிறது.

சமணர்கள் இதில் இன்னும் நுணுக்கமாக நின்றார்கள். மனத்தால், சொல்லால், உடலால் என்று மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்று மூன்று. யோக சூத்திரமும் இந்தப் பின் மூன்றையும் ஒன்றாகவே சொல்கிறது. செய்தவனும் செய்வித்தவனும் சும்மா பார்த்துச் சம்மதித்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பூசணிக்காயைக் குடைந்து வெடிமருந்து வைத்தவன் ஒருவன். வைக்கச் சொல்லிக் காசு கொடுத்தவன் ஒருவன். இறைச்சி வாங்கித் தின்றுவிட்டுக் குளக்கட்டில் வாய் திறக்காமல் நின்றவன் நான்.

வாய்வெடி வைக்கிறவர்களோடு பேசினால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நான் யானைக்கு வைக்கல்ல மனே, பன்றிக்குத்தான் வச்சன்." பொய் இல்லை, பெரும்பாலும் உண்மைதான். பன்றி கடித்தால் இறைச்சி, யானை கடித்தால் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். பழத்தின் வாசம் பிடித்து வருவது அனேகமாக அனுபவமில்லாத இளம் யானைகள்தான். கடித்த உடனே சாவதும் இல்லை. நாக்கும் தாடையும் போய், தின்னவும் குடிக்கவும் ஏலாமல் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

இதை எழுதும்போது எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. சொல்லாமல் விட மனம் வரவில்லை. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய காலத்தில், வரம்பில் கால் வைக்கப் பயந்து, மாட்டை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தோம். சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் எவ்வளவு காலம் நின்றன! 2017 இல்தான் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. வருவது ஆமிக்காரனா, இயக்கக்காரனா, விறகுக்குப் போன கிழவியா என்று கண்ணிவெடி பார்ப்பதில்லை. வாய்வெடியும் பன்றியா, யானையா, மாடா என்று பார்ப்பதில்லை. கையில் எடுத்துப் பார்க்கிற பிள்ளையையும் அதற்குத் தெரியாது. அந்தப் பலகைகளுக்கு நடுவில் வாழ்ந்த நாங்களே எங்கள் வரம்பில் அதே சாமானை ஒளித்து வைக்கிறோம்.

விவசாயிக்கு அகிம்சை சரிவருமா என்று நீங்கள் கேட்பது நியாயம். உழும்போது புழு சாகிறது, மருந்தடித்தால் பூச்சி சாகிறது. இந்தக் கேள்வி நமக்கு முன்பே சமணருக்கு வந்தது. துறவிக்கு ஒரு விரதம், இல்லறத்தானுக்கு அதைவிடச் சிறிய விரதம் என்று பிரித்தார்கள். இம்சையையும் நாலாகப் பிரித்தார்கள். வீட்டு வேலையில் தவிர்க்க ஏலாமல் நடப்பது ஒன்று, தொழிலில் நடப்பது ஒன்று, தற்காப்பில் நடப்பது ஒன்று, கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது ஒன்று. முதல் மூன்றையும் இல்லறத்தான் குறைத்துக்கொள்ளப் பார்க்க வேண்டும். நாலாவதை அறவே விட வேண்டும். ஏர் பிடிக்கிறவனை அந்த மரபு தள்ளி வைக்கவில்லை. ஆனால் சேனைப் பயிருக்குள் பாய்கிற யானைக்கு எதிரே உயிர் தப்பத் தீப்பந்தம் வீசுவதும், நாளைக்கு வரப்போகிற மிருகத்துக்கு இன்றைக்கே பழத்துக்குள் வெடி வைப்பதும் ஒன்றல்ல. பின்னது நாலாவது வகை. தற்காப்பு என்று அதைக் கணக்கில் எழுத ஏலாது.

காந்தியும் இதில் தடுமாறினார். 1928 இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வலியில் கிடந்த ஒரு பசுக்கன்றை ஊசி போட்டுச் சாகவிட்டார். நாடு முழுவதும் கண்டனக் கடிதம் வந்தது. அதே காலத்தில் ஆசிரமத்துப் பயிரைக் குரங்குகள் அழித்துக்கொண்டிருந்தன. அதற்கு என்ன செய்யப் போகிறீர் என்றும் கேட்டார்கள். கன்றுக்குச் செய்தது கன்றின் நன்மைக்கு, குரங்கைக் கொன்றால் அது நம் நன்மைக்கு, அது இம்சைதான் என்று அவர் ஒத்துக்கொண்டார். பயிர் செய்கிறவனுக்கு இதில் இலேசான விடை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். செய்வதைச் செய்துவிட்டு அதற்கு நல்ல பெயர் சூட்டுவதுதான் நம்மிடம் இருக்கிற பெரிய பிழை.

நமக்கு இது புதிதும் இல்லை. ஆடி வேல் காலத்தில் நம் ஊரில் இருந்து எத்தனை பேர் கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள்! உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமணைக் காட்டுக்குள் இறங்கி, யால வழியாக நாட்கணக்கில் நடை. அது யானைக் காடு, கரடிக் காடு. கையில் துவக்கு இல்லை, வெடி இல்லை. பொல்லும் திருநீறும் அரோகராவும்தான். ஆனை முன்னால் நின்றால் நிற்போம், அது விலகினால் நடப்போம். என் அம்மா ஆறு தடவை நடந்திருக்கிறா. காட்டுக்குள் போகும்போது நாம் அதன் வீட்டுக்குள் போகிறோம் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. ஊருக்குத் திரும்பினதும் அந்த எண்ணம் எங்கே போகிறது?

இனிக் கேட்பதைக் கேட்கிறேன்.

ஆரம்பக் கூட்டத்தில், நம் வட்டைகளில் வாய்வெடி வைப்பதும், வீட்டு லைனில் இருந்து நேரே கம்பிக்குக் கரண்ட் கொடுப்பதும் கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள். இரண்டும் சட்டப்படி குற்றம்தான். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதை விட, நம் அமைப்பின் கூட்ட அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வைப்பதற்கு ஊரில் பெறுமதி அதிகம். மாடு அப்புறப்படுத்தும் திகதியை மீறினால் தண்டம் அறவிடுகிறோம் இல்லையா, அதே போல.

அடுத்தது வேலி. வெறும் "செய்யாதே" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு ஒருவனைப் பரணில் ஏற்றுவது நியாயம் இல்லை. சத்தத்துக்காக நாம் கொளுத்துகிற யானை வெடிக்கு யானை இரண்டு கிழமை பயப்படும், அப்புறம் பழகிவிடும். காட்டு எல்லையில் அரசாங்கம் போடுகிற நீள மின்வேலியைப் பார்க்க ஆள் இல்லை. புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் கரண்ட் நிலத்துக்குப் போய்விடும், யானை காலால் கட்டையைத் தள்ளிவிட்டு வரும். ஆனால் விதைப்பிலிருந்து அறுவடை வரை மட்டும், வயலைச் சுற்றி, அந்த வயல்காரரே போட்டு அவரே பார்க்கிற வேலி இலங்கையில் வேறு மாவட்டங்களில் நின்று பிடித்திருக்கிறது. யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் தயாரித்த தேசியச் செயற்றிட்டமும் இதையே சொன்னது. அறுவடை முடிந்ததும் கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைக்கலாம். அறுத்த வயலில் மிஞ்சின தாளை யானை மேய்ந்துவிட்டுப் போகட்டும், நமக்கு நட்டம் இல்லை.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. சரியான யானை வேலி கொல்லாது. அதன் இயந்திரம் ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை, கண் சிமிட்டுவதை விடக் குறைந்த நேரம் மட்டும் ஒரு துடிப்பு அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தொட்டது துள்ளி விலகும், சாகாது. வீட்டு லைனின் 230 வோல்ட் விடாமல் ஓடும், பிடித்ததை விடாது. அதில் யானை மட்டுமா சாகிறது? இரவு தண்ணீர் கட்டப் போன பக்கத்து வயல்காரனும் சாகிறான்.

செலவை ஏக்கர் கணக்கில் பிரிப்போம். நிலச் சொந்தக்காரரான போடியார் தன் ஏக்கருக்கு, குத்தகைக்காரன் தன் ஏக்கருக்கு. கம்பிக்குக் கீழே புல் செருக்குவதை முறை வைத்துச் செய்வோம். இயந்திரத்துக்கும் பற்றரிக்கும் கமநல சேவை நிலையத்திடமும் பிரதேச செயலகத்திடமும் அமைப்பின் பெயரில் கடிதம் கொடுங்கள். தனி ஆளாகப் போனால் கதிரையில் இருத்திக்கூடப் பேசமாட்டார்கள். உகணை, மகாஓயாப் பக்கத்துச் சிங்கள விவசாயிகளையும், சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் போடிமாரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களிடம் வருவதும் இதே யானைகள்தான்.

வண்ணக்கர்மாரே, உங்களிடம் ஒன்று. நம் ஊரில் காகிதத்தை விடக் கண்ணகை அம்மன் வாசலில் சொன்ன சொல்லுக்குப் பயம் அதிகம். தீர்மானம் எழுதின பிறகு, வட்டைக்காரர் எல்லோரும் கோயிலில் கூடி, வெற்றிலை வைத்து, வெடி வைக்க மாட்டோம், வைப்பவனிடம் இறைச்சி வாங்க மாட்டோம் என்று சத்தியம் பண்ண ஒரு நாள் குறித்துத் தாருங்கள். கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி எழுந்து புல் தின்றதைக் கண்டு போர்த்துக்கேயப் பறங்கியர் ஆயுதத்தோடு திரும்பி ஓடினார்கள் என்று சின்ன வயதில் நமக்குச் சொன்னது நீங்கள்தான். அந்தக் கதையை நான் இன்னும் நம்புகிறேன்.

சத்தியத்தில் முதல் ஆளாக என்னை நிறுத்துங்கள். வாங்கின இரண்டு கிலோவையும் அங்கேயே சொல்வேன். என் மூன்று ஏக்கருக்குரிய வேலிக்கு நாற்பது சீமைக்கிளுவைக் கட்டை வெட்டி வாடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். கம்பிக் காசில் என் பங்கைக் கூட்டத்தன்றே பொருளாளரிடம் தருகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவன்