உதட்டுக் கொப்புளமும் ஓலை வாசிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரீட்சை நெருங்கினாலே உதட்டோரம் கொப்புளம் போடுகிறது என்று ஒரு கல்லூரி மாணவி சென்ற ஞாயிறு மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் எழுதியிருந்தார். ‘இது ஹெர்பிஸ். டென்ஷன்தான் காரணம். மனதை அமைதியாக வைத்துக்கொண்டால் வராது’ என்று மூன்றே வரியில் பதில் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடமாக இதே கொப்புளத்தோடு காலம் தள்ளுகிறவள் நான். அந்தப் பதிலில் பாதிதான் சரி.

எனக்கும் முதலில் வந்தது பிளஸ் டூ பரீட்சை சமயத்தில்தான். “ராத்திரி பல்லி மோண்டிருக்கும் மக்களே” என்று பாட்டி மஞ்சள் அரைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா அதை அக்கி என்று சொல்லி, காவி எழுத வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அக்கி வேறு, இது வேறு. சின்ன வயதில் சின்னம்மை போட்ட வைரஸ் பல வருடம் கழித்து எழும்பினால் அது அக்கி. உதட்டில் வருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஆள் வேறு. (அக்கி என்றால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. காவி எழுதிக் காத்திருந்து அந்த நேரத்தைத் தவறவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.)

சிம்ப்ளெக்ஸின் முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, கொஞ்சி முத்தமிடும் சொந்தக்காரர்களிடமிருந்து வந்துவிடுகிறது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உடலுறவில் தொற்றும் இரண்டாம் வகையும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால், உதட்டில் கொப்புளம் வந்தவளின் நடத்தையைச் சந்தேகிக்கிற வீடுகள் இருக்கின்றன. இரண்டாம் வகை வந்தவரையும்தான் ஏன் தூற்ற வேண்டும் என்பது என் கட்சி.

சரி, டென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பின் முடிச்சில், மண்டை ஓட்டுக்குள், உறங்கிக் கிடக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே காவல் நிற்கின்றன. நாள்கணக்கில் கவலையும் தூக்கக்கேடுமாக இருந்தால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடி, காவல் தளர்கிறது. ஆனால் வெயில், காய்ச்சல், மாதவிலக்கு, பல் பிடுங்குவது, இவையும் அதை எழுப்பும். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2020இல் எலியின் நரம்பணுக்களை வைத்துச் செய்த ஆய்வில், இன்டர்லூகின்-1 பீட்டா என்ற பொருள் நரம்பணுவை அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடையச் செய்தபோது உறங்கிய வைரஸ் விழித்தது. காய்ச்சலிலும், நீண்ட மன அழுத்தத்திலும், வெயிலில் தோல் வெந்தாலும் உடம்பில் சுரக்கும் பொருள் அது. கிளர்ச்சி என்றால் இங்கே மனதுக்கு வரும் உற்சாகம் இல்லை, நரம்பணுவுக்குள் நடப்பது.

அப்படியானால் சந்தோஷக் கிளர்ச்சியால் வராதா? என் மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சில் ஓலை வாசித்த, அதாவது கல்யாண அறிவிப்பு படித்த, மூன்று ஞாயிறும் எனக்கு நெஞ்சு நிறையச் சந்தோஷம்தான். மூன்றாம் ஓலைக்கு மறுநாள் கொப்புளம்! ‘கண்ணு பட்டுட்டு’ என்றார் மைனி. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரி வரை உச்சிவெயிலில் பத்திரிகை கொடுத்திருக்கிறேன், பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை, நடுவில் ஜலதோஷம் வேறு. சந்தோஷம் தனியாக வரவில்லை, இவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் வந்தது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த என் தம்பியைப் பற்றி ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. நாங்கள் சோறு தின்னாமல் கடற்கரையிலேயே கிடந்தோம். அந்த ஒன்பது நாளும் என் உதடு சுத்தமாக இருந்தது. மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கியவன் வீடு வந்து சேர்ந்த வாரம் வாயைத் திறக்க முடியாதபடி போட்டது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது, அழுகையிலா, சிரிப்பிலா?

இரண்டாம் வகை உள்ள பெண்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த அழுத்தத்துக்குப் பிறகு கொப்புளம் திரும்ப வரும் வாய்ப்பு கூடியது. ஒரு நாள் இரண்டு நாள் பதற்றத்துக்கும், அன்றன்றைய மனநிலைக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. ஆக, ஹால் டிக்கெட்டைப் பார்த்துப் படபடத்ததால் வந்தது என்று அந்த மாணவி தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். இன்னொன்று, இஸ்ரோவுக்குத் தலைவர்களைத் தந்த மாவட்டத்துக்காரி என்பதால் சொல்கிறேன்: ஷட்டில் என்ற விண்வெளி ஓடத்தில் போய்வந்த 89 விண்வெளி வீரர்களில் 47 பேரிடம் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் வெளிப்பட்டதை நாசா ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொப்புளமே இல்லை. அவர்களைவிட மனதை அடக்கப் பயின்றவர்கள் யார் இருக்கிறார்கள்?

பதிலில் விட்டுப்போனது மருந்து. கொப்புளம் கிளம்புவதற்கு முந்தைய நாள் உதட்டில் ஒரு குறுகுறுப்பு தெரியும். அப்போதே அசைக்ளோவிர் வகை மாத்திரை தொடங்கினால் சீக்கிரம் அடங்கும், சில சமயம் கிளம்பாமலே போகும். பொருக்கு கட்டிய பிறகு தின்று பெரிய பலன் இல்லை. அடிக்கடி வருகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். மெடிக்கலில் விவரம் சொல்லிக் களிம்பு வாங்க வேண்டாம். எனக்கு ஒரு தடவை ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்து, கொப்புளம் மூக்கு வரை பரவியது. கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், பார்வையே போகக்கூடும்.

போன மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் காலையில் குறுகுறுப்பு. பச்சைக் குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்திருந்ததால், மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளியே நின்றேன். “பேத்திக்கு ஒரு உம்மா குடுக்கலியா?” என்று சம்பந்தியம்மா கேட்டார். உதட்டைக் காட்டினேன். அவருக்கும் வருமாம், இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். பொருக்கு விழுந்து தோல் மூடிய பிறகுதான் குழந்தையைத் தூக்கினேன்.

அடுத்த வாரம் அந்த மாணவிக்கு இன்னும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.