சுவருக்குத் தீர்த்தம் தெளிக்காதீர்கள்: தமிழகக் கத்தோலிக்க ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர்களே,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

சாதி பாவம் என்று நீங்கள் சொல்லாமல் இல்லை. 2003-இல் உரோமைக்கு வந்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாடு நற்செய்திப் பணிக்கே தடை என்று சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கென்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. அறிக்கைக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள் வந்து பார்த்தால்தான் கதை வேறு. தலித் தெருவுக்கு முன்பே திரும்பிவிடும் தேர்கள் உண்டு. நடுவே சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் உண்டு. சாம்பல் புதனன்று "மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று எல்லார் நெற்றியிலும் ஒரே தட்டிலிருந்து சாம்பல் பூசுகிறோம். திரும்பிப் போகும் மண் மட்டும் ஏன் இரண்டு?

இந்த மடலை ஏன் எல்லாரும் படிக்க எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். விவிலியத்தில் பவுல் எழுதிய கலாத்தியர் மடலின் இரண்டாம் அதிகாரம்தான் காரணம். அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமில் யூதக் கிறிஸ்தவர்களின் தலைவராக இருந்த யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல நழுவிவிட்டார். அவருக்கு யார்மீதும் வெறுப்பில்லை. நம்மவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம், அவ்வளவுதான். பவுல் அதைத் தனியறையில் பேசித் தீர்க்கவில்லை, எல்லார் முன்னிலையிலும் கேட்டார். முதல் திருத்தந்தையான பேதுருவையே கேட்டிருக்கிறார் என்றால், உங்களைக் கேட்பதில் அவமரியாதை இல்லை.

உங்களுக்கும் பயம்தான், எனக்குப் புரிகிறது. 2008-இல் எறையூர் என்ற ஊரில் சாதியால் எழுந்த பங்குக் கோயில் தகராறு முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அதிலிருந்து எங்கே பேச்சு எழுந்தாலும் சமாதானக் கூட்டம், அப்புறம் கோயிலுக்குப் பூட்டு.

ஆனால் வடக்கன்குளம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு சாதியார் இன்னொரு சாதியாரைப் பார்க்காமலே பூசை காண, பலிபீடத்தில் மட்டும் சேரும் இரண்டு நீண்ட கூடங்களாகக் கட்டிய கோயில் அது. 1910 வாக்கில் ஆயர் பார்த் ஆட்சியில் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை, முதலியார் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஆயர் பார்த் பிரெஞ்சுக்காரர், ஊர் நிலவரம் தெரியாமல் துணிந்துவிட்டார் என்று சொல்வார்கள். சரி, நிலவரம் தெரிந்த நீங்கள் அவரைவிடத் தெளிவாகத் துணியலாமே!

ஆட்கள் சபையை விட்டுப் போய்விடுவார்கள் என்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சலித்து, பெந்தெகொஸ்தே சபைக்குப் போன குடும்பங்களை யார் எண்ணினார்கள்?

கேட்பது ஒரே ஒரு சுற்றுமடல். சாதிச் சுவர் நிற்கும் கல்லறைத் தோட்டத்தில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எந்தக் குருவும் தீர்த்தம் தெளிக்க மாட்டார். எல்லாத் தெருவுக்கும் தேர் போகாத ஊரில் கொடியேற்றம் இருக்காது. ஞாயிறு பூசையில் அதை எல்லாப் பங்குகளிலும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த ஊரில் எந்தச் சுவர் என்ற பட்டியலை மக்களே கொண்டுவந்து தருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மகன் ஒருவன்